அக்கா உட்கார்ந்தால் சர்வர் நிற்கும்

தெருவில் அவருக்கு எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். வாலிபத்திலிருந்து ஓய்வு பெறும்வரை தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலேயே கிடந்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? வேலை முடிந்தது, அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டு இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள், பெயர் மட்டும் அவரோடு நடந்து வீடு வந்து சேர்ந்தது. கோளாறு என்று யார் வந்து நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கா?" என்பதுதான். வயிறு வலிக்கிறது என்று மனைவி சொன்னபோதும் இதையேதான் கேட்டார் என்று மனைவியே சொல்வதுண்டு.

ஓய்வு பெற்ற ஆம்பிளைக்கு வீட்டில் ஓர் இலாகா வேண்டும். இல்லாவிட்டால் அவர் எல்லா இலாகாவிலும் தலையிடுவார். சிலருக்குத் தண்ணீர் மோட்டார், சிலருக்குச் செடி, சிலருக்கு மருமகள். எக்ஸ்சேஞ்சுக்குச் சர்வர் வாய்த்தது. மகனுடைய ஆபீசில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, ஹாலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தி, வீட்டிலிருந்த படம், வீடியோ, பாட்டு எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். ஹாலில் இருக்கும் டிவியில் பட்டனை அழுத்தினால் வேண்டிய படம் வரும். மருமகளின் போனிலும் வரும். வீட்டில் அவர் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் என்பதால் அதைத் தினமும் துணி போட்டுத் துடைத்தார்.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். எக்ஸ்சேஞ்சின் அக்கா. கல்யாணம் ஆகாதவர். ஆகாதவர் என்பதைவிட, ஆவதற்கு நேரம் கொடுக்கப்படாதவர் என்று சொல்லலாம். அப்பா போன பிறகு ஓர் அச்சகத்தின் மிஷின் ஹாலில் சேர்ந்தார். பகல் முழுக்க அந்த இரும்புகள் போட்ட கூச்சலில்தான் தம்பி படித்தான், பரீட்சை எழுதினான், எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தான். தம்பிக்கு வேலை கிடைத்தபோது அக்காவுக்குப் பாதிக் காது போயிருந்தது. தம்பிக்குக் கல்யாணம் ஆனபோது மீதியும் போனது. காது போனவர்களுக்குக் குரல் பெருத்துவிடும் என்பார்கள். அக்காவுக்குச் சிறுத்துவிட்டது. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி பேசுவார்.

ஆனால் எதிரில் இருப்பவர் பேசினால் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வார். மிஷின் ஹாலில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. அங்கே வேலை செய்த பெண்களெல்லாம் உதட்டைப் பார்த்தே ஊர்வம்பு பேசியவர்கள். முதலாளியைப் பற்றி முதலாளி முன்னாலேயே பேசியவர்கள். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை எல்லாரும் சௌகரியத்துக்கு ஏற்றபடி மறந்துவிடுவார்கள்.

சினிமாவில் இந்த வித்தை செல்லாது. கதாநாயகி அழும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள். வில்லன் முக்கியமான விஷயத்தை முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறான். நல்லவர்கள் எல்லாரும் பக்கவாட்டில் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தியாகம் செய்கிறார்கள். சாயங்காலம் குடும்பம் டிவி முன்னால் கூடும்போது அக்காவும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

எக்ஸ்சேஞ்ச் தன் வாழ்நாளில் யாரும் கேட்காமல் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, படத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, வசனங்களை ஒவ்வொன்றாக டைப் அடித்தார். படம் ஓடும்போது கீழே எழுத்தாக வரும், அக்கா படித்துக்கொள்ளலாம். அவர் எழுதும் முறை தந்தி அடிப்பது போல இருக்கும். கதாநாயகன் அரைப் பக்கம் பேசினால் இவர் 'மறுக்கிறான்' என்று போடுவார். காதல் பாட்டுக்கு 'பாட்டு. மழை.' கோர்ட் காட்சியில் வக்கீல் மூச்சு விடாமல் பேசியதற்கு 'வக்கீல் பொய்' என்று அடித்தபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வீட்டில் அக்கா எல்லாருக்கும் முன்னால் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முதலில் ஒரு சிக்கல் வந்தது. டைப் அடித்த எழுத்து டிவிக்குப் போனதும் கலைந்துபோனது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் யாரோ கோலிக்குண்டை வைத்த மாதிரி ஒரு வட்டம். வாழ்க்கை முழுக்க அச்சான தாளைப் பார்த்த அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. பல்லுப் போன வாய் மாதிரி இருக்குடா என்றார். எக்ஸ்சேஞ்ச் விடுவாரா? ஒவ்வொரு வரியையும் எழுத்தாக அனுப்பாமல் படமாகவே எடுத்து அனுப்ப வழி கண்டுபிடித்தார். படத்துக்கு எழுத்துச் சிக்கல் கிடையாது அல்லவா? கொம்பும் காலும் அதனதன் இடத்தில் ஜம்மென்று வந்தன. அன்று அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் சர்வர் நிற்க ஆரம்பித்தது.

படம் ஓடிக்கொண்டே இருக்கும். கதாநாயகன் கையை ஓங்குவான். ஓங்கிய கை ஓங்கியபடி நிற்கும். திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றும். கொஞ்ச நேரம் கழித்து அடி விழும். மறுபடி வட்டம். மகன் போனை எடுத்துவிடுவான். மருமகள் எழுந்து போய்விடுவாள். எக்ஸ்சேஞ்சின் மனைவி மட்டும் வட்டத்தையும் புருஷனையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

எக்ஸ்சேஞ்ச் விசாரணையில் இறங்கினார். வயரை மாற்றினார். புது வயரைச் சுவர் ஓரமாக ஆணி அடித்துக் கொண்டுபோனார். வைஃபை பெட்டியை அலமாரி மேல் ஏற்றினார். அங்கே காற்று இல்லை என்று இறக்கினார். கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே இருந்த தூசியை ஊதினார். ஊதிய தூசி முழுக்க மருமகள் காயப்போட்டிருந்த துணியில் படிந்தது. சாயங்காலத்தில் போனில் வீடியோ பேசக் கூடாது என்று மருமகளுக்குத் தடை போட்டார். மருமகள் தன் அம்மாவோடு பேச மொட்டை மாடிக்குப் போனாள். வட்டம் சுற்றுவது மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கவனித்துப் பார்க்கத் தெரியும். அக்கா கோயிலுக்குப் போன அன்று படம் நிற்கவில்லையாம். அக்கா காய்ச்சலில் படுத்திருந்தபோது நிற்கவில்லையாம்.

"உங்கக்கா வந்து உக்காந்தாத்தான் அது சுத்துது" என்றாள்.

எக்ஸ்சேஞ்சுக்குச் சுருக்கென்றது. வீட்டில் பெரியவர் ஒருவரை இப்படி ராசி இல்லாதவர் ஆக்குவதா? படித்த வீட்டில் பேசுகிற பேச்சா இது? தன்னை வளர்த்த அக்கா என்று அவர் சத்தமாக நினைவுகூர்ந்தார். அப்படி நினைவுகூர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்ததால் அவருக்கே குரல் தழுதழுத்தது.

"காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதையா பேசாத."

"சரி. ஆனா தினமும் விழுதே?" என்றாள் மனைவி.

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மகன் போனைப் பார்த்தபடியே, அம்மா சொல்றதும் ஒரு டேட்டாதான்ப்பா என்றான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் மானத்தைக் காப்பாற்றியே தீருவது என்று எக்ஸ்சேஞ்ச் முடிவு செய்தார். ஒருவர் மானத்தைக் காப்பாற்ற இன்னொருவர் கிளம்பும்போது சம்பந்தப்பட்டவர் கதவைச் சாத்திக்கொண்டு ஓடிப்போவது நல்லது. அக்காவுக்கு ஓட இடமில்லை.

எக்ஸ்சேஞ்சில் கோளாறு பார்க்கும் முறை ஒன்று உண்டு. லைனைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றினால் சரியாகிறதோ அதுதான் கோளாறு. வயர், வைஃபை, மருமகள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாகிவிட்டது. இனி அக்காவைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

முதல் சோதனையில் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, எழுத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் படத்தைப் போட்டார். படம் வெண்ணெய் மாதிரி ஓடியது. எக்ஸ்சேஞ்ச் மனைவியைப் பார்த்த பார்வையில் முப்பது வருட இல்லறத்துக்கான பதில் இருந்தது. அக்கா உட்கார்ந்திருக்கிறாள், சர்வர் ஓடுகிறது, இப்ப என்ன சொல்ற? அத்தோடு அவர் டீ குடித்துவிட்டுப் படுத்திருந்தால் அக்கா நிரபராதி. ஆனால் பாதிச் சோதனையில் நிறுத்துகிறவன் எக்ஸ்சேஞ்ச்காரன் இல்லையே.

அடுத்த சோதனைக்கு அக்காவை உள்ளறைக்கு அனுப்பினார். எழுத்தைப் போட்டார். ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. வட்டம் சுற்றியது.

செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சர்வரின் உள்ளே எட்டிப் பார்த்தார். திரையில் அதன் மூளையின் வேலைப் பளுவைக் காட்டும் கோடு உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. எழுத்தை எடுத்தார், கோடு தரைக்கு வந்து படுத்தது. போட்டார், எகிறியது. விஷயம் புரிந்துவிட்டது. சாதாரணமாகப் படத்தை அனுப்புவது கட்டி வைத்த பார்சலை எடுத்துக் கொடுப்பது போல. பிரிக்க வேண்டாம், பார்க்க வேண்டாம். டிவி பிரித்துக்கொள்ளும். ஆனால் எழுத்தைப் படமாக அனுப்பினால், அதை ஒட்டிக்கொள்ள எனக்குத் தெரியாது என்று டிவி கையை விரித்துவிடுகிறது. அதனால் சர்வரே பார்சலைப் பிரித்து, ஒவ்வொரு காட்சியாக எடுத்து, மேலே எழுத்தை ஒட்டி, மறுபடி கட்டி அனுப்ப வேண்டியிருக்கிறது, அதுவும் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஆபீசில் கழித்துக் கட்டிய கிழட்டுப் பெட்டி எத்தனை ஒட்டும்? அக்கா இல்லாத நாட்களில் எழுத்து படத்தை மறைக்கிறது என்று மருமகள் நிறுத்திவிடுவாள். அதனால் அன்றெல்லாம் நிற்கவில்லை.

ஆக, பனம்பழத்தை விழ வைத்தது காக்காதான் என்று அறிவியல்பூர்வமாக நிரூபித்த முதல் மனிதர் எக்ஸ்சேஞ்ச்.

கண்டுபிடித்தவனுக்கு வரும் மகிழ்ச்சி பொல்லாதது. எதைக் கண்டுபிடித்தோம் என்பதை அது மறக்கடித்துவிடும். சாயங்காலம் எல்லாரையும் ஹாலில் கூட்டினார். அக்காவின் நாற்காலிக்கு நேர் எதிரில் நின்றார். அக்காவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எப்போதும் வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவது அவர் வழக்கம். அன்றும் அப்படியே பேசினார்.

"கண்டுபிடிச்சிட்டேன். வயர் இல்ல. டிஸ்க் இல்ல. நெட் இல்ல. அக்காவுக்குப் போடுற எழுத்துதான்."

"இதத்தானே நான் மொதல்லயிருந்து சொல்றேன்" என்றாள் மனைவி.

"நீ சொன்னது அக்காவ. நான் சொல்றது எழுத்த."

"எழுத்து யாருக்கு?"

எக்ஸ்சேஞ்சின் முறையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

வழி இல்லாமல் இல்லை. அதையும் அவரே சொன்னார். ஒவ்வொரு படத்துக்கும் எழுத்தை முன்கூட்டியே ஒட்டி நிரந்தரமாக ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டால், ஓடும்போது சர்வருக்கு ஒட்டும் வேலை இருக்காது. அக்காவுக்கு எழுத்துள்ள பிரதி, மற்றவர்களுக்கு எழுத்தில்லாத பிரதி. பெட்டி ஓய்வாக இருக்கும் நேரத்தில் அதுவே செய்துகொள்ளும். ஒரே ஒரு தடை, டிஸ்கில் இடம் இல்லை. எதையாவது அழிக்க வேண்டும். வெளியே இன்னொரு டிஸ்க் வாங்கி மாட்டலாம் என்றதற்கு மகன், பாக்கலாம்ப்பா என்றான். அந்த வீட்டில் பாக்கலாம் என்றால் அடக்கம் முடிந்தது என்று அர்த்தம்.

எதை அழிப்பது என்று கமிட்டி கூடியது. மகனுடைய கல்யாண வீடியோ இருந்தது. எடிட் செய்தது ஒன்று, செய்யாதது மூன்று கேமராவிலிருந்து மூன்று, மேலே பறக்கும் கேமராவில் எடுத்த மண்டபத்துக் கூரை தனியாக. எடிட் செய்யாததை அழிக்கலாமே என்று எக்ஸ்சேஞ்ச் கேட்டார். அதில்தான் எங்க சித்தி வர்றாங்க என்றாள் மருமகள். சித்தியோடு அவளுக்குப் பேச்சு நின்று வெகுகாலம். மகன் பிறகு பார்க்கலாம் என்று இறக்கி வைத்திருந்த உடற்பயிற்சிப் பாடங்கள் ஒரு மலை. அவன் தொப்பையைத் தடவிக்கொண்டு, அடுத்த வாரத்திலிருந்து ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னான். மனைவியின் சீரியல் ஒன்று, முடிந்துபோனது, மாமியார் செத்தே போனாள், ஆனாலும் முழுதாக இருந்தது. அதை அழித்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்றாள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு ஃபோல்டர் மிச்சம் இருந்தது. எக்ஸ்சேஞ்சின் பிரிவு உபசார விழா. நான்கு பேர் நான்கு போனில் எடுத்தது. நான்கிலும் அவர் ஒரே மாலையைப் போட்டுக்கொண்டு ஒரே பேச்சைப் பேசுகிறார். நான்கில் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றைத் தூக்கினாலே அக்காவுக்குப் பத்துப் பதினைந்து படம் தேறும். அது அவருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் எலியை அந்த ஃபோல்டர் மேல் கொண்டுபோய் வைத்தார். ஒன்றில் முகம் தெளிவாக இருந்தது. ஒன்றில் பேச்சு தெளிவாகக் கேட்டது. ஒன்றில் மேலதிகாரி கை தட்டுவது தெரிந்தது. இன்னொன்றில் என்ன என்று அவர் சொல்லவில்லை. எலியை எடுத்துவிட்டார்.

அத்தனை நேரமும் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் பேசினார்.

"எழுத்த எடுத்துடுப்பா. கொஞ்ச நாளாவே படிச்சா கண்ணு எரியுது."

அன்று காலையில்தான் அக்கா ஊசியில் தானே நூல் கோத்து, மருமகளின் சுடிதாரில் விட்டுப்போன தையலைப் போட்டுக் கொடுத்திருந்தார். கண்ணாடி கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சுடிதாரைத்தான் மருமகள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பாவம், கண்ணு எரியுதாம் என்றாள் மனைவி. வயசாகுதுல்ல என்றான் மகன். சொட்டு மருந்து வாங்கித் தருவதாகவும் சொன்னான், அதை மறுநாளே வாங்கியும் வந்தான். அந்த வீட்டில் எந்த வேலையும் அத்தனை வேகமாக நடந்ததில்லை. இல்லாத எரிச்சலுக்கு அக்கா கொஞ்ச நாள் சொட்டு மருந்து போட்டுக்கொண்டார். போட்டதும் கண் நிஜமாகவே எரிந்தது.

எழுத்து போனது. சர்வர் ஓடியது. ஓங்கிய கை ஓங்கிய வேகத்தில் இறங்கியது.

முதலில் எல்லாரும் அக்காவுக்குக் கதை சொன்னார்கள், அதில் ஒரு போட்டியே இருந்தது. மகன் அக்கா பக்கம் முழுதாகத் திரும்பி, இவன் ஏன் கோபப்படுறான்னா அத்தை, என்று ஆரம்பித்து விளக்குவான். பிறகு பாதி திரும்பினான். பிறகு, கோபம் அத்தை, என்றான். மனைவி எல்லாக் காட்சிக்கும் சண்டை என்று ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டாள், அது பெரும்பாலும் பொருந்தவும் செய்தது. எக்ஸ்சேஞ்ச், அப்புறம் சொல்றேன்க்கா என்பார். படம் முடிந்ததும் தூங்கப் போய்விடுவார்.

அக்கா திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பார்க்கிறவர்களைப் பார்க்கத் தொடங்கினார். அவர்கள் வாயாவது நேராகத் தெரிகிறதே. சிரிக்கிறார்கள், முணுமுணுக்கிறார்கள், அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதிலிருந்து கதையைப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் படம் பார்க்கும் மனிதர்கள் படத்தைப் பற்றி மட்டுமா பேசுகிறார்கள்?

"படத்த பாக்காம நம்மளயே பாக்குறாங்க. ஒரு மாதிரியா இருக்கு" என்று மருமகள் மகனிடம் சொன்னாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். குரலைத் தாழ்த்தி என்ன பயன்?

மறுநாள் சாயங்காலம் அக்கா வரவில்லை. எக்ஸ்சேஞ்ச் அறை வாசலில் நின்று, வாயேன்க்கா, நல்ல படம், என்றார். தூக்கம் வருதுப்பா என்றார் அக்கா. அப்போது இன்னும் வெயில் தாழவில்லை. ஹாலுக்கு வந்து, அக்காவுக்குத் தூக்கம் வருதாம் என்று அறிவித்தார். வயசாகுதுல்ல என்றான் மகன், மறுபடியும். நாற்காலி சில நாள் அங்கேயே கிடந்தது, அப்புறம் மருமகள் அதில் துணி மடித்து வைத்தாள்.

மத்தியானங்களில் எக்ஸ்சேஞ்சுக்கு வேலை இல்லாமல் போனது. டைப் அடிக்க வசனம் இல்லை. இயர்போனைச் சுருட்டி வைத்துவிட்டுச் சர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலைப் பளுக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தரையிலேயே படுத்திருந்தது. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். என்ன சார் ரகசியம் என்று ஒருவர் கேட்டதற்கு, தேவையில்லாத லோடு இருந்தது, எடுத்துட்டேன் என்றார்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் நல்ல காட்சியில் படம் நின்றது. கதாநாயகி கதவைத் திறக்கப் போகிறாள், கை தாழ்ப்பாளில் இருக்கிறது, நடுவில் வட்டம் சுற்றுகிறது. எழுத்து இல்லை, வீடியோ கால் இல்லை, வயர் புதுசு. எக்ஸ்சேஞ்ச் ரிமோட்டை அழுத்திப் பார்த்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மனைவி, மகன், மருமகள் மூன்று பேரும் அக்காவின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கே அது தெரிந்ததா என்பது சந்தேகம். எக்ஸ்சேஞ்சும் திரும்பிப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் எழுந்தும் போனார். கோளாறு என்றால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் அல்லவா?

கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தள்ளினார். அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. தூங்கவும் இல்லை. ஹால் வெளிச்சம் தம்பியின் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அவர் முகம் இருட்டில் இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் அந்த இருட்டைப் பார்த்தார்.

"நின்னுடுச்சா?"

எக்ஸ்சேஞ்ச் தலையை ஆட்டினார்.

"நான் இங்கதான்டா இருக்கேன்."

எக்ஸ்சேஞ்ச் ஏதோ சொன்னார். வாய் அசைந்த மாதிரி இருந்தது.

"என்ன சொன்ன? வெளிச்சத்துல வந்து சொல்லுப்பா, தெரியல" என்றார் அக்கா.

ஹாலிலிருந்து மனைவி கூப்பிட்டாள், சரியாகிவிட்டதா என்று. இதோ வர்றேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, கதவை முன்பு இருந்த அளவுக்கே ஒருக்களித்துச் சாத்திவிட்டு, எக்ஸ்சேஞ்ச் சர்வரை ரீஸ்டார்ட் செய்யப் போனார்.